முழங்கால் காயத்தைத் தடுக்க: முழங்கால் பிரேஸா, வார்ம்-அப் பயிற்சியா?

கால்பந்து ஆடுகையில் முழங்காலைக் காக்க, அதில் அணியும் தாங்குபட்டையான 'நீ பிரேஸ்' (knee brace) வாங்குவதா, முறையான வார்ம்-அப் பயிற்சியைப் பழகுவதா என்று யோசித்து நான் இரண்டாவதையே தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாயும்.

துணியாலான முழங்கால் உறை ('நீ கேப்') வெதுவெதுப்பையும் பிடிப்பையும் தரும். தசைநாரைக் காக்கும் வலு அதற்கு இல்லை. கீல் வைத்த பிரேஸ், பக்கவாட்டு மோதலிலிருந்து முழங்காலின் உட்புறத் தசைநாரைக் காப்பதற்கென்று மோதல் மிகுந்த 'அமெரிக்கன் ஃபுட்பால்' ஆட்டத்தின் வீரர்கள் அணிவது. ஆனால் ஏசிஎல் எனப்படும் முன் சிலுவைத் தசைநார் பெரும்பாலும் யாரும் மோதாமலேதான் கிழிகிறது. ஓடுகையில் சட்டென நிற்கும்போதோ, திசை திரும்பும்போதோ, தாவி ஒற்றைக் காலில் இறங்கும்போதோ முழங்கால் உட்பக்கமாகச் சரிவதே அதற்கு முக்கியக் காரணம்.

அந்தச் சரிவைத்தான் பயிற்சி திருத்துகிறது. 'ஃபிஃபா 11+' என்ற வார்ம்-அப் முறையில் மெதுவோட்டம், வலுவும் சமநிலையும் தாவலும் சேர்ந்த நடுப்பகுதி, வேக ஓட்டம் என மூன்று பகுதிகள் உண்டு. பழகிவிட்டால் சுமார் 20 நிமிடங்களில் முடிந்துவிடும். நார்வேயில் 13 முதல் 17 வயது வரையான கால்பந்து வீராங்கனைகளிடம் நடத்தி 2008-இல் வெளியான ஆய்வில், இதைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன.

ஆயினும் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். பிரேஸின் பட்டைகள் தளரும், வியர்வையில் வழுக்கிக் கீழிறங்கும், தொடைத் தசையின் சுற்றளவு மாறினால் அளவும் பொருந்தாமல் போகும்; அதன் காப்பு அணிந்திருக்கும் நேரத்துக்கு மட்டுமே. பயிற்சியில் வலுவும் அசையும் முறையும் உடலிலேயே படிந்துவிடுகின்றன. ஆனால் அதற்கு வாரத்துக்கு இரண்டு முறையாவது, ஆட்டப் பருவம் முழுவதும் விடாமல் செய்தாக வேண்டும். அதே நார்வே ஆய்விலும், அடிக்கடி செய்தவர்களுக்கே காயங்கள் குறைவாக இருந்தன. பெரும்பாலோர் இடறுவது இங்கேதான்: முதல் சில வாரங்களின் உற்சாகம் தணிந்ததும், ஆட்ட அவசரத்தில் நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். விடக்கூடாதது அந்த நடுப்பகுதியே. இதைக் கூடுதல் சுமையாகச் சேர்க்காமல் வழக்கமான வார்ம்-அப்புக்குப் பதிலாகவே வைத்துக்கொண்டால் தொடர்வது எளிது. நேரம் போதாத நாளில் நடுப்பகுதியைப் பயிற்சியின் முடிவுக்குத் தள்ளிச் செய்தாலும் பயன் உண்டு. இறங்கும்போது முழங்கால் கால்விரல்களின் நேர்கோட்டில் இருக்கிறதா என்று ஒருவர் எதிரே நின்று கவனிப்பது மிக அவசியம், ஏனெனில் தவறான அசைவையே திரும்பத் திரும்பச் செய்தால் அதுவே பழகிவிடும்.

ஏற்கெனவே தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் நிலை வேறு. என் அனுபவம் அவ்வளவு தூரம் எட்டாது. அவர்களுக்கு பிரேஸ் வேண்டுமா, எவ்வளவு காலம் வேண்டும் என்பதை மருத்துவரும் பிசியோதெரபிஸ்டும் மூட்டைப் பரிசோதித்தே சொல்ல வேண்டும்.