பத்து மணிக்கு முதலே டோக்கன் எடுங்கள்: எங்கள் பகுதிக் கெயரர் ஆலோசனை மேசை

லண்டனில் ஹாரோ பக்கம், ஒரு லைப்ரரியின் பின்னறையில் வியாழக்கிழமைதோறும் ஒரு மேசை போடுகிறார்கள். வீட்டில் தாயையோ கணவரையோ சுகமில்லாத பிள்ளையையோ சம்பளம் இல்லாமல் பார்ப்பவர்கள் அரசாங்கத்திடம் என்ன உதவிப்பணம் கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று சொல்லி, படிவம் நிரப்பவும் கூட இருந்து உதவுகிறார்கள். சின்னத் தொண்டு நிறுவனம் ஒன்று நடத்துகிறது. காசு வாங்குவதில்லை. 2025 மே மாதம் முதல்முறை போனேன்; இதுவரை ஆறு தடவை போயிருக்கிறேன். எங்கள் ஆட்கள் பலருக்கு இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது. அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 79 வயது. முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. மூன்று வருடமாக ஞாபகமும் குறைந்துகொண்டு போகிறது. என்னோடுதான் இருக்கிறார், தம்பி கனடாவில். சுப்பர்மார்க்கெட்டில் முழுநேரம் வேலை செய்த நான் 2023இல் கிழமைக்கு 14 மணித்தியாலமாகக் குறைத்துக்கொண்டேன். வீட்டில் ஆளைப் பார்ப்பவருக்குத் தரும் கெயரர்ஸ் அலவன்ஸ் என்று ஒன்று இருப்பது தெரியும். ஆனால், வேலை செய்தால் கிடைக்காது என்று மச்சாள் சொல்லியிருந்தார், அதோடு விட்டுவிட்டேன். அவர் சொன்னது முழுப் பிழையும் இல்லை. 2024-25இல் கிழமைக்கு 151 பவுணுக்கு மேல் சம்பளம் கைக்கு வந்தால் தரமாட்டார்கள். எனக்கு 160 வந்துகொண்டிருந்தது. 2025 ஏப்ரலில் அந்த எல்லையை 196 ஆக்கினார்கள். என் சம்பளம் கூடிய பிறகும் 176 சொச்சம்தான். லைப்ரரிக் கதவில் ஒட்டியிருந்த தாளில் அந்த 196ஐக் கண்டுதான் உள்ளே போனேன்.

மேசையில் இருந்தவர் ஒரு தமிழ்ப் பெண், முப்பது வயது இருக்கும். கெயரர்ஸ் அலவன்ஸுக்கு எழுதவேண்டும் என்றேன். அவர் பேனையைக்கூட எடுக்கவில்லை.

"அக்கா, அம்மாவுக்கு அட்டென்டன்ஸ் அலவன்ஸ் வருதோ?"

இல்லை என்றேன்.

"அப்ப முதல்ல அது. உங்கட காசு அதுக்குப் பிறகுதான்."

இந்த ஒழுங்கு தெரியாமல்தான் நிறையப் பேர் மறுப்புக் கடிதம் வாங்குகிறார்கள். நாம் பார்க்கும் ஆளுக்கு அவருடைய உதவிப்பணம் முதலில் கிடைத்திருக்கவேண்டும். பென்ஷன் வயது தாண்டியவர் என்றால் அட்டென்டன்ஸ் அலவன்ஸ். அதைவிட இளையவர் என்றால் பிப் என்ற இயலாமைக்கான உதவிப்பணம், அதிலும் அன்றாட வாழ்க்கைக்கான பகுதி. சின்னப் பிள்ளை என்றால் டிஎல்ஏ என்ற பிள்ளைகளுக்கான உதவிப்பணத்தில் நடுத்தர அல்லது உயர் பராமரிப்பு வீதம். அதற்குப் பிறகுதான், கிழமைக்கு 35 மணித்தியாலமாவது அவரைப் பார்க்கிறேன் என்று சொல்லி நாம் நமக்குக் கேட்கலாம். அட்டென்டன்ஸ் அலவன்ஸுக்கு வருமானமோ சேமிப்போ பார்ப்பதில்லை. ஆறு மாதமாவது உதவி தேவைப்பட்டிருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கே அங்கிருந்தபடி தொலைபேசியில் படிவம் கேட்க வைத்தார். கேட்ட திகதி படிவத்தில் பதிந்து வரும். ஆறு கிழமைக்குள் திருப்பி அனுப்பினால் அந்தத் திகதியிலிருந்தே கணக்குப் பார்ப்பார்கள். கணினியிலிருந்து பிரதி எடுத்து ஆறுதலாக நிரப்பினால் படிவம் போய்ச் சேரும் நாளிலிருந்துதான் காசு.

படிவம் வந்ததும் இரண்டாம் தடவை போனேன். அந்த ஒன்றேகால் மணித்தியாலத்துக்காகவே இந்த மேசைக்கு எத்தனை நட்சத்திரம் வேண்டுமானாலும் கொடுப்பேன். குளிப்பது பற்றிய கேள்வியில், அம்மா தானே குளிப்பார் என்று எழுதச் சொன்னேன். அந்தப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா குளிக்கேக்குள்ள நீங்கள் எங்க நிப்பீங்கள்?"

"கதவடியில."

"ஏன் அங்க நிக்கிறீங்கள்?"

"விழுந்திடுவா எண்டுதான். சுடுதண்ணிப் பைப்பையும் மாறித் திறந்திடுவா."

"அப்ப அவ தனியக் குளிக்கேல்ல, அக்கா. நீங்கள் காவல் நிக்கிறீங்கள். அதை எழுதுவம்."

எங்கள் வீடுகளில் இப்படித்தான். பக்கத்தில் நிற்பதை நாங்கள் ஓர் உதவியாகவே எண்ணுவதில்லை. குளிசையை எடுத்துக் கையில் வைப்பது, அடுப்பு அணைந்திருக்கிறதா என்று மூன்று தரம் போய்ப் பார்ப்பது, சட்டை பொத்தானைப் பூட்டிவிடுவது, இதெல்லாம் கேட்டால்தான் வாயில் வருகிறது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அவசரப்படுத்தவில்லை. நான் சொல்லாத எதையும் சேர்க்கவும் இல்லை.

இரவைப் பற்றிக் கேட்டபோது, ஏழு நாள் எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். தமிழ்க் கடையில் தந்த நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கம் எழுதினேன். அதில் ஒரு தாள்: "1.20, எழும்பி கேற் பூட்டினியோ என்று கேட்டார். 1.45 படுத்தார். 3.40, அப்பாவைத் தேடினார். தேத்தண்ணி கொடுத்தேன். 4.30." யாழ்ப்பாணத்து வீட்டு கேற் அது. அப்பா 2016இல் காலமாகிவிட்டார். ஏழு தாளையும் பிரதி எடுத்துப் படிவத்தோடு இணைத்தார். பகலில் மட்டும், அல்லது இரவில் மட்டும் உதவி தேவை என்றால் 2025-26இல் கிழமைக்கு 73.90 பவுண், இரண்டு வேளையும் என்றால் 110.40 தந்தார்கள். அந்தத் தாள்கள் இல்லாவிட்டால் நான் இரவைப் பற்றி ஒரு வரி எழுதியிருப்பேனோ தெரியாது.

கையெழுத்து அம்மாதான் வைக்கவேண்டும். வீட்டில் மேசையில் தாளை வைத்தபோது, "பெத்த தாயைப் பாக்கிறதுக்கு ஏன் பிள்ளை காசு வாங்கோணும்?" என்று கேட்டார். இது உங்களுக்கு வரும் காசு அம்மா என்றேன். கொஞ்சநேரம் பேனையைப் பிடித்தபடி இருந்துவிட்டு, தமிழில், அந்தக் காலத்துக் கையெழுத்தை அப்படியே சுழித்துப் போட்டார். பேர்களை மறக்கிறவர் அதை மறக்கவில்லை.

ஓகஸ்டில் உயர் வீதம் தந்து கடிதம் வந்தது, மே மாதத்திலிருந்து. அப்புறம் மூன்றாம் தடவை போனேன். கெயரர்ஸ் அலவன்ஸ் விண்ணப்பத்தை இணையத்தில் செய்தோம். அந்தப் பெரிய படிவத்துக்குப் பிறகு இது ஒன்றுமே இல்லை. என் நேஷனல் இன்ஷூரன்ஸ் (பென்ஷனுக்காகவும் சம்பளத்தில் பிடிக்கும் காசு) இலக்கம், வங்கி விவரம், கடைசி பே ஸ்லிப், அம்மாவின் இலக்கம், பிறந்த திகதி. அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அம்மாவுக்குக் கடிதம் வந்து மூன்று மாதத்துக்குள் நாங்கள் கேட்டதால் எனக்கும் அதே மே மாதத்திலிருந்து தந்தார்கள். கிழமைக்கு 83.30. பன்னிரண்டு கிழமை நிலுவை 999 பவுண் 60 பென்ஸ், ஒரே நாளில் கணக்குக்கு வந்தது. இதைவிட ஒவ்வொரு கிழமைக்கும் நேஷனல் இன்ஷூரன்ஸ் வரவும் பதிகிறார்கள். வேலை நேரத்தைக் குறைத்த பெண்களுக்குப் பின்னாளில் பென்ஷன் எடுக்கும்போது அது கைகொடுக்கும்.

கிழமைக்கு 35 மணித்தியாலம் என்று பார்த்தால் மணித்தியாலத்துக்கு இரண்டரைப் பவுண்கூட வராது. அதுவும் வரிக்கணக்கில் சேரும். இரண்டு பேரைப் பார்த்தாலும் ஒருவருக்குரியதுதான். இது போதாது என்று எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. ஆனாலும் சட்டம் தரும் காசை விடக்கூடாது.

இனி, கவனமாக இருக்கவேண்டிய இடம். 2025-26க்கான அந்த 196 பவுண் எல்லை என்பது வரி, நேஷனல் இன்ஷூரன்ஸ், கட்டும் பென்ஷனில் பாதி ஆகியவற்றைக் கழித்த கணக்கு. அதற்கு மேல் ஒரு பவுண் போனாலும் அந்தக் கிழமைக் காசு முழுவதும் போய்விடும். படிப்படியாகக் குறைப்பதில்லை. இப்படித் தெரியாமல் தாண்டி, வருடக்கணக்கில் வாங்கியதை ஆயிரக்கணக்கில் திருப்பிக் கட்டியவர்களின் கதை 2024இல் இங்குள்ள பத்திரிகைகளில் தொடர்ந்து வந்தது. அரசாங்கம் லிஸ் செய்ஸ் என்பவரைக் கொண்டு ஆய்வு செய்வித்து, 2025 நவம்பரில் அறிக்கை வெளியானது. கூடிக் குறைந்து வரும் சம்பளத்துக்கு எப்படிச் சராசரி எடுப்பது என்ற வழிகாட்டலே பல வருடம் பிழையாக இருந்திருக்கிறது. பழைய கடன்களைத் திரும்பப் பார்ப்பதாக அரசாங்கம் ஏற்றுக்கொண்டது.

டிசம்பரில் எங்கள் மனேஜர் நத்தார் நெரிசலுக்கு இரண்டு எக்ஸ்ட்ரா ஷிப்ட் கேட்டார். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது. மேசையில் இருந்த பிள்ளை முதலே என் பே ஸ்லிப்பின் மூலையில் "15 மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம்" என்று பென்சிலால் எழுதித் தந்திருந்தார். அதைக் காட்டித்தான் மறுத்தேன். மனேஜருக்கு முகம் கறுத்தது. கறுத்தால் கறுக்கட்டும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு நேர்ந்ததல்ல. வரிசையில் எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண்ணின் தகப்பன் கவுன்சில் பிளாட்டில் தனியாக இருப்பவர். அட்டென்டன்ஸ் அலவன்ஸும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்ஷன் கிரெடிட்டும் எடுக்கிறார். தனியாக வாழ்வதால் பென்ஷன் கிரெடிட்டோடு 2025-26இல் கிழமைக்கு 82.90 பவுண் மேலதிகமாக வந்தது. மகள் கெயரர்ஸ் அலவன்ஸ் எடுக்கத் தொடங்கினால் அது நின்றுவிடும். மகளுக்கு 83.30 வர, தகப்பனுக்கு 82.90 போயிருக்கும். நல்லவேளையாக மகள் விண்ணப்பத்தை அனுப்பமுன் கேட்டார். பெற்றோர் தனியாக இருக்கிறார்கள் என்றால் இதை முதலில் பார்க்கவேண்டும். மகளுக்கு யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்த வேலை வயதினருக்கான உதவிப்பணம்) வந்ததால் அதிலுள்ள கெயரர் தொகையைப் பற்றியும் சொன்னார்கள். அது 2025-26இல் மாதத்துக்கு 201.68 பவுண், அதற்கு கெயரர்ஸ் அலவன்ஸின் சம்பள எல்லை இல்லை, ஆனால் தகப்பனின் மேலதிகத் தொகையை அதுவும் நிறுத்தும். ஸ்டேட் பென்ஷன் எடுப்பவர்களுக்கு கெயரர்ஸ் அலவன்ஸ் பெரும்பாலும் கைக்கு வராது என்றாலும், விண்ணப்பித்து வைத்தால் பென்ஷன் கிரெடிட் கூட வாய்ப்புண்டு; 2025-26இல் அது கிழமைக்கு 46.40.

காத்திருந்தபோது சுவரில் ஒட்டியிருந்த ஒரு பக்கத்தை வாசித்தேன். இந்த உதவிப்பணம் 1976இல் வேறு பெயரில் தொடங்கியபோது, கல்யாணம் கட்டிய பெண்களுக்கு இல்லை என்று சட்டம் சொன்னதாம். வீட்டில்தானே இருப்பாள் என்ற எண்ணம். தன் தாயைப் பார்க்க வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் என்ற பெண் ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய் 1986இல் அதை மாற்ற வைத்தார். வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு இதைச் சொன்னேன். "கெட்டிக்காரி" என்றார்.

குறைகளும் உண்டு. ஒரு நாளைக்கு 12 டோக்கன்தான். பத்து மணிக்குக் கதவு திறக்கும்போதே முடிந்துவிடும். நான் ஒருமுறை 10.05க்குப் போய்த் திரும்பி வந்தேன். தொலைபேசியை எடுப்பது அபூர்வம். தமிழ் தெரிந்தவர் ஒன்றுவிட்டு ஒரு வியாழன்தான் வருகிறார். எல்லாவற்றையும்விட, அறையில் மறைப்பு இல்லை. அம்மாவின் உள்ளாடை மாற்றுவது பற்றி நான் சொல்லும்போது அடுத்த கதிரையில் இருந்தவர் எங்கள் கோயில்காரர். ஒரு திரையாவது போடலாம், நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

அதற்காக, காசுக்குப் படிவம் நிரப்பும் ஆட்களிடம் போகவேண்டாம். எனக்குத் தெரிந்த ஒரு அன்ரியிடம் ஒருவர் 60 பவுண் வாங்கிக்கொண்டு, நடக்கவே முடியாதென்று பொய்யும் எழுதிவிட்டார். கையெழுத்துப் போட்டது அன்ரி, பதில் சொல்லவேண்டியதும் அவர்தான்.

போகும்போது கொண்டுபோகவேண்டியவை: இரண்டு பேருடைய நேஷனல் இன்ஷூரன்ஸ் இலக்கம், குளிசைப் பட்டியல், ஜீபியின் (குடும்ப வைத்தியரின்) விலாசம், ஆஸ்பத்திரிக் கடிதங்கள், மூன்று பே ஸ்லிப், ஏழு இரவுக் குறிப்பு. ஊருக்குப் போகும் எண்ணம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். 26 கிழமைக்குள் 4 கிழமை பராமரிப்பிலிருந்து விலகியிருக்கலாம், காசு நிற்காது. பார்க்கப்படுபவர் ஆஸ்பத்திரியில் 28 நாளுக்கு மேல் இருந்தால் நிற்கும். கவுன்சிலிடம் கெயரருக்கான மதிப்பீடு கேட்கும் உரிமை 2014ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. அதற்கான கடிதத்தையும் இங்கேயே எழுதித் தருகிறார்கள்.

ஏப்ரலில் என் சம்பளம் கூடும், எல்லையும் மாறும். அந்த மாதத்து முதல் பே ஸ்லிப் வந்ததும் ஏழாவது தடவையாகப் போகிறேன். ஒன்பதரைக்கே கதவடியில் நிற்பேன்.