அபராதமா, பழுதுச் செலவா, வைப்புத்தொகையா? கனரக இயந்திரங்கள் சிதைத்த சாலைக்கு யார் பொறுப்பு

கட்டுமான வேலை முடிந்து இயந்திரங்கள் கிளம்பிவிடுகின்றன. பெயர்ந்த சாலை மட்டும் மிச்சமிருக்கிறது. அதற்கான பணத்தை வாங்க உள்ளாட்சி அமைப்புகளுக்கு மூன்று வழிகள் உண்டு: நிலையான அபராதம், பழுதுச் செலவை வசூலிப்பது, வேலை தொடங்கும் முன்பே வைப்புத்தொகை பெறுவது. எது சிறந்தது என்பது எந்தச் சேதத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

தெருக்காரர்களின் கோபம் பெரும்பாலும் பொக்லைன் மீது பாய்கிறது. இரும்புச் சங்கிலியில் ஓடும் அந்த இயந்திரம் நின்ற இடத்திலேயே திரும்பினால் சங்கிலிப் பற்கள் தாரைச் சுரண்டி எடுத்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் சங்கிலி எடையைப் பரப்பிவிடுவதால் அந்தக் காயம் பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஆழமான சேதம் மண்ணும் ஜல்லியும் ஏற்றி நாள் முழுக்கப் போய்வரும் டிப்பர் லாரிகளால் வருவது. அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஆஷோ (அந்நாட்டு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கம்) நடத்திய சாலைச் சோதனையிலிருந்து ஒரு தோராய விதி கிடைத்தது: அச்சுச் சுமை, அதாவது ஒரு சக்கர அச்சு சாலைமீது இறக்கும் எடை, இரட்டித்தால் சேதம் 16 மடங்காகும். சுமை 20 விழுக்காடு கூடினாலே சேதம் ஏறத்தாழ 2 மடங்கு. இது அன்றைக்கே கண்ணில் படாது. அடித்தளம் தளர்ந்து, தண்ணீர் இறங்கி, மாதங்கள் கழித்துச் சக்கரத் தடம் பள்ளமாகும்போதுதான் தெரியும். அப்போது லாரிகள் வேறு ஊரில் ஓடிக்கொண்டிருக்கும்.

அபராதத்தின் பலம் வேகம். அளக்க வேண்டாம், வழக்காட வேண்டாம். பலவீனங்களோ பல. ஒரு கீறலுக்கும் தெரு முழுக்கப் பெயர்ந்ததற்கும் ஒரே தொகை என்றால் ஒப்பந்ததாரர் அதை மதிப்பீட்டிலேயே ஒரு செலவாகச் சேர்த்துவிடுவார். வசூலான பணம் பொதுக் கணக்கில் கலந்துவிட்டால் அந்தச் சாலைக்குத் திரும்பி வரும் உறுதியும் இல்லை. ஆனாலும் ரப்பர் பட்டை இல்லாமல் இரும்புச் சங்கிலியைத் தார்ச்சாலையில் ஓட்டுவது, அனுமதித்த சுமையை மீறுவது போன்றவற்றுக்கு அபராதம்தான் சரி. அங்கே சேதத்தை நிரூபிக்கத் தேவையில்லை, செயலே குற்றம்.

பழுதுச் செலவை வசூலிப்பது கேட்க மிக நியாயமாக இருக்கும். இங்கிலாந்தின் 1980 நெடுஞ்சாலைச் சட்டம் 59-ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது: வழக்கத்துக்கு மீறிய போக்குவரத்தால் கூடுதல் பராமரிப்புச் செலவு வந்தால், அதற்குக் காரணமானவரிடமிருந்து வாங்கலாம். சிக்கல் நிரூபணத்தில். ஒரே தெருவில் நான்கு கட்டடங்கள் எழும்பினால் எந்தப் பள்ளம் யாருடையது? சாலை முன்பே விரிசலாகத்தான் இருந்தது என்று எல்லோருமே சொல்வார்கள், சிலர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். அதே சட்டப்பிரிவு, வேலைக்கு முன்பே ஒரு தொகைக்கு உடன்பட்டுக்கொள்ளவும் வழிவிடுகிறது. அந்த வாசல்தான் எனக்கு அதிகம் பிடித்தது.

வைப்புத்தொகை முறையில் நிலைமை தலைகீழாகிறது. பணம் அதிகாரிகள் கையில் இருப்பதால், அதைத் திரும்பப் பெற வேண்டிய கவலை ஒப்பந்ததாரருடையது. பொக்லைனை ட்ரெய்லரில் ஏற்றிக் கொண்டுவரவும், திரும்பும் இடத்தில் பலகை விரிக்கவும் அவருக்கே அக்கறை வரும். சிறிய ஒப்பந்ததாரரின் முதல் முடங்குகிறது என்ற குறை உண்மை. வங்கி உத்தரவாதத்தை ஏற்றால் அது ஓரளவு தணியும். என் ஓட்டு இதற்கே, ஆனால் நிபந்தனைகளோடு. வேலைக்கு முன்னும் பின்னும் இரு தரப்பும் சேர்ந்து நடந்து, தேதியுடன் படமெடுத்துக் கையெழுத்திட வேண்டும். லாரிச் சேதம் தாமதமாக வெளிப்படுவதால் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடியும்வரை நிறுத்திவைக்க வேண்டும். மிச்சத்தைத் திருப்பித் தரும் நாள் அனுமதிச் சீட்டிலேயே இருக்க வேண்டும். எப்படியும் திரும்பி வராத பணம் என்று ஒப்பந்ததாரர் முடிவு கட்டிவிட்டால், சாலையைக் காப்பாற்ற அவருக்கு ஒரு காரணமும் மிஞ்சாது.