உயிரியல் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஓர் இலவச இதழ்: நேரம் செலவழிக்கலாமா?

கல்லூரியில் தாவரவியல், விலங்கியல், மைக்ரோபயாலஜி என்று எதை நடத்துகிறவராக இருந்தாலும் 'சிபிஇ லைஃப் சயின்சஸ் எஜுகேஷன்' இதழை ஒருமுறையாவது திறந்து பாருங்கள். அமெரிக்க செல் உயிரியல் சங்கம் நடத்துகிறது, 2002-ல் 'செல் பயாலஜி எஜுகேஷன்' என்று ஆரம்பித்து 2006-ல் இந்தப் பெயருக்கு மாறியது, மூன்று மாதத்துக்கு ஒன்று வரும். காசும் கிடையாது, லாகினும் கிடையாது, வேண்டிய கட்டுரையை பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம்.

இதில் செல்லைப் பற்றியும் ஜீனைப் பற்றியும் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் வராது. அவற்றைப் படிக்கிற கல்லூரிப் பிள்ளைகளின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் விஷயம். நம்மூரில் 'அதெல்லாம் பி.எட். சமாச்சாரம் சார்' என்று தள்ளிவிடுவார்கள், ஆனால் இதில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் உயிரியல் துறையிலேயே பாடம் எடுப்பவர்கள்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், ஜான் கோலியும் கிம்பர்லி டேனரும் 2015-ல் எழுதிய கட்டுரையைச் சொல்வேன். நம் விடைத்தாள்களில் வருமே, 'பாக்டீரியா மருந்திலிருந்து தப்பிப்பதற்காகத் தன்னை மாற்றிக்கொண்டது', 'ஒட்டகச்சிவிங்கி உயரத்து இலையைத் தின்பதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டது', அந்த வகைத் தவறான பதில்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நோக்கம் இருப்பதாக நினைப்பது, ஓர் இனத்தில் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்று நினைப்பது, மனிதனை வைத்தே மற்ற உயிர்களை அளப்பது, இந்த மூன்று பழக்கங்களும் சின்ன வயதிலிருந்தே நம்மோடு இருக்கின்றன, தவறான கருத்துகள் பலவும் அவற்றிலிருந்தே முளைக்கின்றன என்கிறார்கள். இதில் தூக்கிவாரிப்போட்ட விஷயம் என்னவென்றால், உயிரியலையே முக்கியப் பாடமாக எடுத்தவர்களிடம் அந்தப் பழக்கத்துக்கும் தவறான கருத்துக்கும் உள்ள தொடர்பு மற்ற மாணவர்களைவிட இறுக்கமாக இருந்ததாம். நாம் நடத்துவதால் கரைந்துபோகும் என்று நினைத்தது கரையவில்லை. அதைப் படித்த பிறகு இத்தகைய விடைகளுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி மட்டும் போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை, பக்கத்தில் 'யாருக்கு இந்த நோக்கம்?' என்று எழுதி வைக்கிறேன்.

அடுத்தது 2014-ல் வந்தது. 23 பெரிய அறிமுக உயிரியல் வகுப்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், வகுப்பில் சராசரியாக 60 சதவீதம் பெண்கள், ஆனால் ஆசிரியர் கேள்வி கேட்டால் எழும் குரல்களில் அவர்களுடையது 40 சதவீதத்துக்கும் கீழே. நம் வகுப்பிலும் முக்கால்வாசி பெண்களாக இருந்துகொண்டு கடைசி பெஞ்ச் பையன்கள் இரண்டு பேர் மட்டுமே பதில் சொல்கிற காட்சி யாருக்குத் தெரியாது! தெரிந்த விஷயம்தான், ஆனால் எண்ணிப் பார்த்தவர்கள் இவர்கள்.

புள்ளியியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறவர்கள் நேராக 'எவிடன்ஸ் பேஸ்டு டீச்சிங் கைட்ஸ்' பகுதிக்குப் போய்விடுங்கள். குழுவாக வேலை செய்ய வைப்பது, பக்கத்தில் இருப்பவரோடு பேசி விடை தேட வைப்பது என்று தலைப்பு தலைப்பாக ஆய்வுகளைச் சுருக்கி, அப்படியே வகுப்பில் செய்து பார்க்கிற மாதிரி கொடுத்திருக்கிறார்கள். டேனர் இதே இதழில் 2013-ல் தந்த 21 கற்பித்தல் உத்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் வரும் ஒன்றுக்குப் பைசா செலவில்லை: கேள்வி கேட்டுவிட்டு மூன்று முதல் ஐந்து விநாடி வாயை மூடிக்கொண்டு நிற்பது. செய்து பாருங்கள், நாம் பழகியிருக்கிற வேகத்துக்கு அந்த ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று தெரியும்.

இனி குறைகள். முதலாவது, தரவு பெரும்பாலும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலிருந்து வருவது. அங்கே பாடம் நடத்துகிறவரே கேள்வித்தாளும் தயாரிப்பார், அதனால் புரிதலைச் சோதிக்கும் கேள்வி கேட்டு, மதிப்பெண் ஏறுகிறதா என்று அளக்க முடிகிறது. பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் நம் கல்லூரிகளில் செமஸ்டர் வினாத்தாள் வெளியிலிருந்து வருகிறது, இரண்டு மார்க், ஐந்து மார்க், பத்து மார்க், முக்கால்வாசி மனப்பாடம். வகுப்பில் ஒரு மணி நேரம் விவாதிக்க வைத்தால் 'சார், நோட்ஸ் எப்ப தருவீங்க?' என்றுதான் கேட்பார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்து 'மைட்டோசிஸ்' என்ற உடனேயே நோட்டை மூடுகிற பிள்ளைக்கு என்ன செய்வது என்பதற்கும் நான் தேடியவரை இங்கே நேரான பதில் இல்லை.

இன்னொன்று, சில கட்டுரைகள் மாணவர்களிடம் 'உங்களுக்கு நம்பிக்கை கூடியதா?' என்று கேட்டு, அவர்கள் டிக் அடித்ததையே முடிவாகப் போட்டுவிடுகின்றன. அவற்றை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். தேர்வு விடையையோ தோல்வி விகிதத்தையோ பார்த்தவைதான் எடை உள்ளவை. வேறோர் இதழிலிருந்து ஓர் உதாரணம், அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் பிஎன்ஏஎஸ் இதழில் 2014-ல் ஸ்காட் ஃப்ரீமனும் மற்றவர்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளில் நடந்த 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள்: விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களை வேலை செய்ய வைத்த வகுப்புகளில் 21.8.

ஐந்துக்கு நாலு தருவேன். கட்டுரைகளை வணிக நோக்கமில்லாமல், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையோடு பகிர உரிமம் இருக்கிறது, அதனால் டேனரின் அந்த 21 உத்திகளை யாராவது தமிழில் பெயர்த்துத் தந்தால் எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவில் முதல் ஆளாக நான் போடுகிறேன்.