முள்ளுக்காட்டில் வில்லோடு ஒட்டிய அம்புக்கூடு

தென்னாப்பிரிக்காவில் ஸுலுலாந்துப் பக்கம் ரீகர்வ் வில்லோடு (நுனிகள் முன்பக்கம் வளைந்த வில்) வேட்டைக்குப் போகிறவருக்கு முதுகில் மாட்டும் அம்புக்கூடு சரிப்படாது. உம்பாஃபா என்ற முள்மரத்தடியில் குனிந்து நுழைந்தால் கொக்கிமுள் முதலில் பிடிப்பது அதைத்தான். உள்ளே அம்புகள் கலகலவென்று இடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கு நியாலா மான் நின்றுகொண்டிருக்குமா? அதனால் நான் வில்லிலேயே பொருத்தும் கூடு வாங்கினேன். வாரால் கட்டுகிற இரண்டு துண்டு வகை: மேலே பிராட்ஹெட்டை (கூர் அலகுள்ள வேட்டை அம்புமுனையை) மூடும் தோல் தொப்பி, கீழே அம்புத்தண்டைக் கவ்வும் ரப்பர் பிடி. ஐந்து அம்பு கொள்ளும். அமெரிக்கச் சரக்கு, எங்கள் ஊர் டோங்காட் வந்து சேர்வதற்குள் தபால் செலவும் சுங்கமும் கூட்டின் விலையை எட்டிவிட்டன.

தொப்பியைக் குறை சொல்ல முடியாது. என்னுடைய இரட்டை அலகு பிராட்ஹெட் முழுசாக உள்ளே போய், மேலும் ஒரு விரல் அளவு தோல் மிச்சம் இருக்கிறது. கடையில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். அலகு கொஞ்சம் வெளியே தெரிந்தாலும், கல் தடுக்கி விழும்போது கையோ தொடையோ கிழிந்துவிடும். தோலில் என்ன பூவேலை செய்திருக்கிறார்கள் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே ஸ்பாஞ்சு வைத்திருப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. பனி பட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கடற்காற்று வீசும் எங்கள் ஊரில் எஃகு அலகு சீக்கிரம் துருப்பிடிக்கும். அலகில் லேசாக வாசலின் தடவி வைக்கிறேன்.

பெரிய குறை ரப்பர் பிடி. அது 11/32 அங்குல மர அம்புக்காகச் செய்தது, சுமார் 8.7 மில்லிமீட்டர். என் கார்பன் அம்பு அதைவிட ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மெலிசு. நடக்கும்போது ஆடுகிறது, சில சமயம் நழுவவும் செய்கிறது. விற்றவரிடம் கேட்டபோது, “எல்லா அம்புக்கும் பொருந்தும்” என்று சொல்லித்தான் அனுப்பினார். பிடி கவ்வும் இடத்தில் தண்டைச் சுற்றி எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டிச் சமாளிக்கிறேன். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இது தேவையா? வாங்குகிறவர்கள் தண்டின் விட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கட்டும்போது இரண்டு துண்டும் லிம்பின் (வில்லின் மேல், கீழ்ப் பட்டைகளின்) அடியில், ரைசரை (நடுவிலுள்ள பிடிக்கட்டையை) ஒட்டி, வளையாத பகுதியில் இருக்க வேண்டும். அதைத் தாண்டிப் போனால் வில் வளையும்போது துண்டுகளும் அசையும். லிம்பின் வேகம் குறையும், சத்தமும் கூடும். இறகுகள் கீழ்ப்பக்கம் இருப்பதால் காலைப் பனியில் புல்லில் உரசி நனைகின்றன. என் அம்பு ஒன்று 550 கிரெயின், ஏறக்குறைய 36 கிராம். ஐந்தும் கூடும் சேர்ந்து ஒரு பக்கம் தொங்கும்போது வில் சாய்கிறது. பயிற்சியின்போதும் அம்புகளை நிரப்பி வைத்தே எய்து பழகினால் கை தானாகச் சரிசெய்துகொள்ளும். அந்த எடை விடுவிக்கும்போது வரும் அதிர்வைக் கொஞ்சம் அடக்குவதும் லாபம்தான்.

மறைவிடத்தில் உட்காருகிறவர்களுக்கு மட்டும் இந்த வகை வேண்டாம். குளிர்காலத்தில் லிம்போபோ மாகாணப் பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரம் உட்கார்ந்தால், மறைவிடத்துச் சின்ன ஜன்னலில் கூடு இடிக்கும், கழற்றித்தான் ஆகவேண்டும். வார்முடிச்சை இருட்டில் சத்தமில்லாமல் அவிழ்ப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. என் மச்சான் வைத்திருப்பது லிம்பின் மேல் சொருகும் வகை. ஒரு இழுப்பில் வந்துவிடும். புரட்டாசியில் வீட்டுக்குள் கறியே வரக்கூடாது என்பதால், அதற்குள் வேட்டையை முடித்துவிட நினைக்கிற எங்களைப் போன்றவர்கள் அதிகம் உட்காருவது மறைவிடத்தில்தான். அடுத்தது எனக்கும் அந்தச் சொருகும் வகைதான்.

தம்பிமார் சிலர் ஒரே கட்டையில் செய்த லாங்போவில் (நீளமான நேர் வில்லில்) துளையிட்டு, போல்ட்டால் முடுக்கும் கூடு மாட்டலாமா என்று கேட்கிறார்கள். துளை போடாதீர்கள், பிடிக்கட்டை பலம் போய்விடும். அந்த வில்லுக்கு வாரால் கட்டுவதோ சொருகுவதோதான் சரி.