சிசேரியன் தழும்புக் கட்டி: மாத்திரையா, அறுவையா?

தழும்பின் ஓரத்தில் ஒரு கட்டி. மாதவிடாய் நாட்களில் வீங்கி வலிக்கிறது, பிறகு தணிகிறது. இப்படியிருந்தால் முதலில் நினைக்கவேண்டியது தழும்பு எண்டோமெட்ரியோசிஸ். சிசேரியனின்போது கர்ப்பப்பை உட்சவ்வின் துணுக்குகள் வயிற்றுச் சுவரில் ஒட்டி வளர்வதால் வருவது. தையல் கட்டி, ஹெர்னியா (குடலிறக்கம்) என்று நினைத்து வருடக்கணக்கில் தள்ளிப்போவதும் உண்டு. வலித்த தேதிகளை எழுதிக்கொண்டு போங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடியும். ஹெர்னியா இல்லை என்று ஸ்கேன் சொல்லும்வரை ஊசி குத்திச் சோதிக்க வேண்டாம், குடலில் பட்டுவிடலாம்.

மருந்து என்றால் பெரும்பாலும் டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை, தினம் 2 மி.கி. அல்லது ஈஸ்ட்ரோஜன் சுரப்பை அடக்கும் லூப்ரோலைடு ஊசி, மாதம் ஒன்று, 3.75 மி.கி. வலி குறையும், கட்டி பெரும்பாலும் போகாது, மருந்தை நிறுத்தினால் வலியும் திரும்பும். டயனோஜெஸ்ட்டில் திட்டுத்திட்டாக ரத்தம் படுவது சகஜம். லூப்ரோலைடு நீண்டால் எலும்பு தேயும். அடுத்த குழந்தைக்கு முயல்பவர்களுக்கு இரண்டுமே ஒத்துவராது. மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கியவர்களுக்கும், அறுவையைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியவர்களுக்கும் மருந்து சரி.

மற்றவர்களுக்கு அறுவையே மேல் என்போம். ஆனால் அதன் பலன் முழுக்க ஒரே விஷயத்தில் இருக்கிறது: விளிம்பு. கட்டியை மட்டும் நோண்டி எடுத்தால் போதாது. சுற்றிலும் 1 செ.மீ. நல்ல திசுவோடு, ஒரே துண்டாக வரவேண்டும். கட்டி பெரும்பாலும் வயிற்றின் முன்பக்கத்து ரெக்டஸ் தசையின் உறையோடு ஒட்டியிருக்கும். உறையில் ஓட்டை விழுமே என்று அங்கே சிக்கனம் பிடித்தால் மிச்சம் தங்கி, மறுபடி வளரும். கட்டி உடைந்து சாக்லேட் நிறத் திரவம் சிந்தினாலும் அதே ஆபத்து. மயக்கம் கொடுத்தபின் சிறு கட்டி கைக்கு அகப்படாமல் போகும். அதனால் விழித்திருக்கும்போதே, வலிக்கும் இடத்தை நீங்கள் விரலால் காட்ட, தோலில் மை வைத்துக் குறிக்கவேண்டும்.

கட்டி நெல்லிக்காய் அளவில் இருக்கும்போதே எடுத்தால் உறையைப் பெரும்பாலும் நேரடியாகத் தைத்து மூடலாம். பெரிதாக விட்டால் மெஷ் (செயற்கை வலை) வைக்க நேரும், செலவும் கூடும். தள்ளிப்போடாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

ஒலி அலையால் சுடும் ஹைஃபு சிகிச்சையில் வெட்டு இல்லை, ஆனால் பயாப்சிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்ப முழுத் திசுவும் கிடைக்காது. புற்றுநோயாக மாறுவது மிக அபூர்வம்தான். இருந்தாலும் அப்படி மாறவில்லை என்று உறுதிசெய்யத் திசு வேண்டும்.

சம்மதக் கையெழுத்துப் போடுமுன் சர்ஜனிடம் கேளுங்கள்: எம்.ஆர்.ஐ.யில் கட்டி எவ்வளவு ஆழம்? உறையை வெட்டினால் எப்படி மூடுவீர்கள்? பயாப்சி ரிப்போர்ட்டில் விளிம்பு பற்றி எழுதச் சொல்வீர்களா?