கொல்லர் கையிலிருந்து நேராக வந்த கதானா: ஏழு வருடப் பழக்கம்

இந்த ஜப்பானிய வாள் வீட்டுக்கு வந்த வாரமே எழுதியிருந்தால் அதன் அழகைப் பற்றித்தான் எழுதியிருப்பேன். இப்போது ஏழு வருடம் ஆகிவிட்டது. வாரம் இரண்டு நாள் இயாய்தோ (உறையிலிருந்து வாளை உருவி வீசும் கலை) பயிற்சி, ஏழு மழைக்காலம், ஒரு வளைவு, ஒருமுறை துரு எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இதுதான் உதவும்.

வேலைக்காக நகோயாவில் இருக்கிறேன். வாளைச் செய்தவரின் பட்டறை பக்கத்திலேயே, கிஃபு மாகாணத்தின் செகி ஊரில். சுமார் 700 வருடமாக வாள் அடிக்கும் ஊர் அது. ஆர்டர் கொடுத்து 14 மாதம் காத்திருந்தேன். ஜப்பானில் வாள் கொல்லராக வேண்டுமென்றால், உரிமம் உள்ள ஒருவரிடம் குறைந்தது 5 வருடம் சீடனாக இருக்க வேண்டும். உரிமம் கிடைத்த பிறகும் மாதத்துக்கு இரண்டு நீள வாளுக்கு மேல் செய்யக்கூடாது. அலகு முடிந்ததும் மெருகு தீட்டுபவர், உறை செய்பவர், கைப்பிடிக்கு நாடா சுற்றுபவர் என்று கை மாறி மாறித்தான் நம்மிடம் வரும். அவசரப்படுத்தாதீர்கள்.

இடையில் ஒருநாள் பட்டறைக்குப் போனபோது கொல்லர், வாள் செய்யும் எஃகான தமஹகானேயில் ஒரு கட்டியைக் கையில் தந்தார். உடைத்த கருப்பட்டி மாதிரி கரடுமுரடாக இருந்தது, உடைந்த பக்கத்தில் மட்டும் வெள்ளி மினுங்கல். ஷிமானே மாகாணத்தின் ஒகுஇசுமோவில், இரும்பு மணலையும் மரக்கரியையும் மூன்று பகல் மூன்று இரவு உலையில் போட்டு எடுக்கும் எஃகு. ஜப்பானியக் கலை வாள் பாதுகாப்புச் சங்கம் 1977 முதல் அங்கே குளிர்காலத்தில் மட்டும் உலை மூட்டுகிறது. இன்றைய கொல்லர்களுக்கு எஃகு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது.

என் வாளின் அலகு 74 செ.மீ. கையில் எடுத்தால் எடை பெரிதாகத் தெரியாது, வீசி நிறுத்தும்போது தெரியும். முன்பு பயிற்சிக்கு வைத்திருந்தது கூரில்லாத உலோகக் கலவை வாள். அதில் உறையில் போடும் அசைவைக் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இது வந்த பிறகு அந்த ஒரு அசைவையே முதலிலிருந்து கற்றுக்கொண்டேன். இடது கைப் பெருவிரல் இடுக்கில் ஒரு சின்னத் தழும்பு இருக்கிறது. உறையின் வாய்க்குள் பார்த்தால் மரம் மெல்லிசாகச் சீவப்பட்டிருக்கும். எத்தனை முறை கோணம் தப்பியது என்பதற்கு அதுவே கணக்கு.

சரி, பார்க்க எப்படி? டியூப் லைட்டில் ஒன்றும் தெரியாது. மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு பல்பை நோக்கி அலகை நீட்டிப் பிடிக்க வேண்டும். அப்போது கூர்ப்பக்கம் நெடுக வெள்ளைப் பனி மாதிரி ஒரு கோடு எழும்பும். அதுதான் ஹமோன். என்னுடையது சான்போன்சுகி, இந்த வட்டாரத்துக்கே உரியது: ஓங்கிய ஒரு முனை, பக்கத்தில் தாழ்ந்த இரண்டு, மரவரிசை போல. அந்தக் கோடு வருவது இப்படித்தான்: முதுகுப்பக்கம் களிமண்ணைத் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசி, சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் இறக்குகிறார்கள். சட்டென்று குளிரும் கூர் கடினமாகி, கொஞ்சம் விரியவும் செய்வதால்தான் வாள் பின்னோக்கி வளைகிறது. இது தெரிந்த பிறகு அந்த வளைவைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது.

வெட்டுப் பயிற்சிக்கு, தாத்தாமி என்னும் ஜப்பானியத் தரைப்பாயை நனைத்துக் கட்டிய சுருள்தான். இரண்டாம் வருடம் கோணம் தவறி அலகு பாதியில் நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் பக்கவாட்டில் லேசான வளைவு. அன்று இரவு தூக்கமே வரவில்லை. மறுநாள் செகிக்குக் கொண்டுபோனேன். கொல்லர் ஒரு கண்ணை மூடி அலகின் நீளத்துக்குப் பார்த்தார், "எத்தனை சுருள் கட்டியிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார், பள்ளம் வெட்டிய மரக்கட்டையில் அலகைக் கொடுத்து அழுத்தி நிமிர்த்தினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழைய வாள் வாங்காமல், உயிரோடு இருக்கும் கொல்லரிடம் வாங்கியதன் அருமை அன்றுதான் புரிந்தது. செய்தவரே பார்க்கிறார், எந்த இடத்தில் எவ்வளவு தாங்கும் என்று அவர் கைக்குத் தெரியும். ஆனால் பாய் வெட்டினால் பக்கவாட்டில் மயிரிழைக் கீறல்கள் விழும், அதைத் தவிர்க்க முடியாது. அடிக்கடி வெட்டுவீர்கள் என்றால் அதற்கென்று சாதாரண மெருகில் வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.

துரு வந்தது நாலாம் வருடம், ஜூன் மழையில். பயிற்சி முடிந்து அரைகுறையாகத் துடைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். இரண்டு வாரம் கழித்து நுனிக்குப் பக்கத்தில் கடுகளவு மூன்று புள்ளி. நானே தேய்க்கவில்லை, நீங்களும் தேய்க்காதீர்கள். மெருகு தீட்டுபவர் மெல்லிய கல்துண்டை விரலில் வைத்து அந்த இடத்தை மட்டும் சரிசெய்தார். பழைய எண்ணெயை எடுக்கத் தட்டும் உச்சிகோ பொடியை அடிக்கடி தட்ட வேண்டாம், அதுவும் கல்தூள்தான் என்று சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். இப்போது பயிற்சி முடிந்த அன்றே மெல்லிய தாளால் பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்து, கிராம்பு வாசனை எண்ணெயைக் கண்ணுக்குத் தெரியாத அளவு தடவுகிறேன். பயிற்சி இல்லாத வாரங்களில் அலகை அரக்கு உறையில் விடுவதில்லை, பூச்சில்லாத வெள்ளை மர உறைக்கு மாற்றிவிடுகிறேன்.

அப்புறம் காகிதம். பதிவுச் சான்று வாளுக்கு, நமக்கல்ல. வாங்கிய 20 நாளுக்குள், சான்று கொடுத்த மாகாணக் கல்வி வாரியத்துக்கு உரிமையாளர் மாறியதைத் தெரிவிக்க வேண்டும். வாளை எங்கே கொண்டுபோனாலும் சான்று கூடவே இருக்க வேண்டும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, வாங்கும்போது நான் கவனிக்கவே இல்லாத இடம். வருடத்துக்கு ஓரிரு முறை மூங்கில் ஆணியைத் தட்டிக் கைப்பிடியைக் கழற்றுவேன். உள்ளே இருக்கும் அடித்தண்டில்தான் கொல்லர் உளியால் தன் பெயரை வெட்டியிருக்கிறார். அலகில் புள்ளித் துரு வந்தாலும் பதறுகிறோம். அடித்தண்டின் துருவை மட்டும் யாரும் தொடக்கூடாது, பின்னாளில் வாளின் வயதைச் சொல்லப்போவது அந்தத் துருதான். வந்தபோது அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மூன்றாம் வருடம் சாம்பல். இந்த ஜூனில் கழற்றியபோது உளி வெட்டிய கோடுகளுக்குள் தேநீர்க் கறை மாதிரி பழுப்பு இறங்கியிருந்தது. படம் எடுத்துக் கொல்லருக்கு அனுப்பினேன். நிறம் நன்றாக வருகிறது, அப்படியே விடுங்கள் என்று பதில் போட்டார்.