லண்டனிலிருந்து இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவைக்கு, கடைசி ஆறு கிலோமீட்டர்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து கொழும்புக்கு ஆகாய வழியில் சுமார் 8,700 கிலோமீட்டர். நேரடி விமானத்தில் பத்தரை, பதினொரு மணி நேரம். திரும்பும்போது மேல்காற்று எதிரே அடிப்பதால் இன்னும் கொஞ்சம் கூடும். இரவு ஏறினால் மறுநாள் மதியம் கட்டுநாயக்க விமான நிலையம். கோடையில் நாலரை மணி நேரமும் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் வித்தியாசம்.

அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியே வரும் இடத்திலேயே சிம் கார்டும் வாங்கி, காசும் மாற்றியாச்சு. ஆனால் அன்றைக்கே மலையேற நினைக்காதீர்கள், உடம்பு தாங்காது. நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் மாமா வீட்டில் படுத்து எழுந்து, காலை எட்டரை ரயிலைப் பிடித்தேன். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்பே திறக்கும், சீக்கிரம் தீர்ந்தும் போகும்.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனிலிருந்து ஹட்டனுக்குத் தண்டவாளம் சுமார் 173 கிலோமீட்டர். எனக்கு ஆறு மணி நேரம் ஆனது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள், ஆனால் 44 அடிக்கு ஓரடி ஏறுகிற பாதை அது. ரம்புக்கனை தாண்டியதும் இஞ்சின் சத்தமே மாறிவிடும். வட்டவளையில் குளிர் முகத்தில் அடித்தது. வடைக்காரர் சூடான கடலை வடையை ஒரு பிள்ளையின் கணக்குக் கொப்பித் தாளில் சுற்றித் தந்தார். ஏழு வருடமாக நான் ஏங்கியது இதற்குத்தான்.

ஹட்டனிலிருந்து பொகவந்தலாவைக்குப் பஸ். அப்புறம்தான் தேயிலைத் தோட்டத்துப் பாதை. ஆறு கிலோமீட்டருக்கு ஆட்டோவில் ஐம்பத்தைந்து நிமிடம்! தார் போட்ட அடையாளமே இல்லை, கருங்கல் பல்லை இளிக்கிறது. மூன்று இடத்தில், "அண்ணே, கொஞ்சம் இறங்கி நடங்க, வண்டி அடி தட்டும்" என்றார் ஓட்டுகிற தம்பி. ஒரு வளைவில் அவரே இறங்கி, உருண்டு கிடந்த கல்லைக் காலால் ஓரம் தள்ளினார். தினமும் செய்கிற வேலை போல.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் சித்தி தேத்தண்ணியோடு காத்திருந்தார். போன மழைக்குச் சித்தப்பாவுக்கு மூச்சு முட்டியபோது, தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் படுக்க வைத்துத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களாம். "ஒவ்வொரு குலுக்கலுக்கும் கைய இறுக்கிப் புடிச்சாருய்யா" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. கண்டம் தாண்டுகிற நேரத்தை எண்ணிக்கொண்டு வந்தேன். இங்கே உயிர் போகிற அவசரத்துக்கும் அதே கல் ரோடுதான். இதைப் போடுவது யார் பொறுப்பு என்று இழுத்தடித்தே வருடங்கள் ஓடுகின்றன. இது உடனே தீர வேண்டிய விஷயம். ஊர்ச் சங்கத்திலும் பேசிவிட்டேன், லண்டனில் இருக்கிற எங்கள் ஆட்களிடமும் பேசப் போகிறேன்.

வருகிறவர்கள் பெரிய பெட்டியைக் கொழும்பிலேயே வைத்துவிட்டு, தோளில் மாட்டும் பையோடு வாருங்கள். மாலை நாலு மணிக்கு முன் ஆட்டோ ஏறிவிடுங்கள். மழை பிடித்தால் வழியில் இருக்கிற பாலத்தோடு நிறுத்திவிடுவார்கள், மிச்சம் இரண்டு கிலோமீட்டர் நடைதான்.